நிலத்தில் மறைந்திருந்த புதையலும் வாடகைக்கு வந்த கருவியும்



மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் 44ஆம் வசனத்தில் ஆண்டவர் ஓர் உவமையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார். ஒருவர் பிறருடைய நிலத்தில் புதையலைக் காண்கிறார். அதை மீண்டும் மூடிவைக்கிறார். மனம் நிறைந்த மகிழ்ச்சியோடு போய்த் தமக்கிருந்த அனைத்தையும் விலைப்படுத்தி அந்நிலத்தையே வாங்கிவிடுகிறார். திருப்பலியில் இவ்வாசகத்தைக் கேட்கும்போது நாம் விண்ணரசைப் பற்றி எண்ணுகிறோம். கலிலேயாவில் இதை முதன்முதலாகக் கேட்டவர்களோ புதையலைப் பற்றித்தான் முதலில் எண்ணியிருப்பார்கள்.

அவர்களுக்குப் புதையல் வெறுங்கதையன்று. வங்கி இல்லாத காலம். படையெடுப்பும் வரித்தண்டலும் ஓயாத நாடு. எளியவரின் வீட்டுச் சுவரோ மண்ணாலானது. பூச்சியையும் துருவையும் பற்றி மலைப்பொழிவில் பேசுமிடத்தில், திருடருடைய செயலுக்குக் கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல்லுக்குத் துளைத்துத் தோண்டுதல் என்றே பொருள். கன்னமிடுதல் என்ற நம் பழஞ்சொல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே கைப்பொருளை மண்பானையிலிட்டு நிலத்தில் புதைப்பது முன்யோசனையுள்ள குடும்பத்தலைவரின் வழக்கமாயிருந்தது. கி.பி. 70இல் எருசலேம் அழிந்தபின், இடிபாடுகளின் அடியில் மக்கள் ஒளித்துவைத்த பொன்னையும் வெள்ளியையும் உரோமைப் படைவீரர் தோண்டியெடுத்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்துள்ளார்.

1952இல் சாக்கடலை அண்டிய கும்ரான் குகையொன்றில் செப்புச் சுருள் ஒன்று கிடைத்தது. அதில் செபமோ திருச்சட்டமோ இல்லை. பொன்னும் வெள்ளியும் மறைத்துவைக்கப்பட்ட 60க்கும் மேற்பட்ட இடங்களின் பட்டியலே இருந்தது. 1960ஆம் ஆண்டளவில் ஜோன் அலெக்ரோ என்ற ஆங்கிலேய அறிஞர் அப்பட்டியலைத் துணைக்கொண்டே தேடிப் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. முகவரி எழுத்திலிருந்தும் அகப்படாத பொருளை, யாரோ சொன்ன சொல்லை நம்பித் தேடப்போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதை இன்று எழுதக் காரணம், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் குடும்பத்தலைவர் ஒருவர் கோயில் முற்றத்தில் என்னிடம் கேட்ட கேள்வி. நகரத்திலிருந்து ஒருவர் 'ஸ்கேனர்' கொண்டுவருவாராம். ஓரிரவுக்கு இவ்வளவு என்று வாடகை. லயத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டு, மேல்மலைக்கு அப்பாலுள்ள காட்டோரத்தில் தேடுவதென்று பேச்சு. மனைவி தேநீர் கொண்டுவருவார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன் டோர்ச் பிடிப்பான். "காட்டு மண்ணைத்தானே சாமி கிண்டுறோம், யார் வீட்டுப் பெட்டியையும் உடைக்கலியே. குடும்பத்தோட போறது பாவமா?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. ஆகையால் ஒரு சொல்லில் விடைகூறாமல் இங்கே விரித்து எழுதுகிறேன். இந்த எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததன்று.

ஊவாவில் புதையற்பேச்சு ஏன் இத்தனை வேரூன்றியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 1815 பெப்ரவரி 18இல் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான்; மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இரண்டே ஆண்டுகளில் வெல்லசவில் கிளர்ச்சி மூண்டது. அதை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல கிளர்ச்சியாளருடனே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26இல் அவர் தலை துண்டிக்கப்பட்டது. கிளர்ச்சியை முறியடிக்க ஆங்கிலேயப் படை ஊர்களை எரித்தது, நெல்லை அழித்தது, குளங்களைப் பாழாக்கியது. உயிரைக் காக்க ஓடுகிறவர் சுமக்க இயலாததை மண்ணில் புதைத்துவிட்டுப் போவது எந்த நாட்டிலும் இயல்பு. திரும்பி வரலாம் என்று புதைத்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. ஆகவே இந்தப் புதையற்கதைகள் எல்லாம் முழுப்பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவை ஒரு பெருந்துயரத்தின் நிழல்கள். அந்தத் துயரத்தின்மேல்தான் பின்னர் கோப்பியும், கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும் நடப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த உங்கள் முன்னோர் இம்மலைகளில் குடியேறியதும் அதற்குப் பிறகே.

பாறையிலும் கற்றூணிலும் செதுக்கிய சூரிய சந்திரரைக் கண்டால், இதோ புதையல் அடையாளம் என்று சொல்லிக்கொடுப்போர் உண்டு. கல்வெட்டறிஞரைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். விகாரைக்கோ குடிமகனுக்கோ அரசன் நிலம் வழங்கியபோது, சூரியனும் சந்திரனும் உள்ளவரை இக்கொடை நிலைக்கட்டும் என்பதற்காகப் பொறித்த குறி அது. அருகில் காகமும் நாயும் செதுக்கப்பட்டிருந்தால், கொடையை மீறுவோர் இழிபிறப்பு எய்துவர் என்ற எச்சரிக்கை. ஆக, பிறர் நிலத்தைத் தொடாதே என்று எழுதிவைத்த கல்லையே, இங்கே தோண்டு என்று சிலர் படிக்கிறார்கள்!

இனி "காட்டு மண்தானே" என்பதற்கு வருவோம். இலங்கையில் உரிமையாளரற்ற மண் என்று ஒன்றில்லை. 1970களில் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்குச் சென்றபோதும் நிலம் குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. மண்ணுக்குள் இருப்பதைப் பற்றிய சட்டம் இன்னும் தெளிவானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. வெல்லசவில் மக்கள் ஓடிய காலத்துக்குச் சற்று முந்திய அதே கண்டி ஒப்பந்த நாள்தான் எல்லை. கண்டெடுக்கப்படாத தொல்பொருள் நிலத்துக்கு மேலிருந்தாலும் கீழிருந்தாலும் அரசின் உடைமை. அதைத் தேடி அகழ்வதற்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1998ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. எதுவும் கிடைக்கவில்லையே என்று வாதிட்டுத் தப்ப இயலாது. அனுமதியின்றித் தோண்டியதே குற்றம். நாளேட்டில் வாராவாரம் போல வரும் கைதுச் செய்திகளைப் பாருங்கள். பொலிஸார் கைப்பற்றியவையாக மண்வெட்டி, அலவாங்கு, ஸ்கேனர், பூசைப்பொருள்கள் என்றுதான் எழுதியிருக்கும். பொன் என்று எழுதியிருப்பது மிக அரிது.

இரத்தினக்கல்லுக்கும் இதே நிலைதான். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதியின்றி, சொந்த நிலத்தில்கூட இரத்தினக்கல் அகழக் கூடாது. ஒக்கம்பிட்டியவிலும் புத்தளவிலும் முறைப்படி அனுமதி பெற்று அகழ்வோர் இதை நன்கறிவர்.

வாடகைக்கு வரும் கருவியைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் சாதாரணதர விஞ்ஞானம் படிக்கும் மகளே இதை விளக்குவாள். கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருளில் ஆடலோட்ட மின்சாரம் பாய்ந்து, மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. கீழே உலோகம் இருந்தால் அதனுள் சுழியோட்டங்கள் எழுந்து, அவையும் ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. மற்றொரு சுருள் அதை உணர்ந்து ஒலியெழுப்புகிறது. நடப்பது இவ்வளவே. மோதிரமளவு பொருளென்றால் ஏறத்தாழ ஒரு சாண் ஆழம்வரை உணரும். அண்டாவளவு பொருளென்றால் ஒரு மீற்றர், நல்ல கருவியாயின் இன்னும் சற்றுக் கூடுதலாக. ஒலிப்பது பொன்னா, அலுமினியத் தகடா என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணில் வெறும் மண்ணே ஒலிக்கும். நூற்றைம்பது ஆண்டுகளாகக் கூரைத்தகரமும் ஆணியும் முறிந்த கத்தியும் தேய்ந்த மண்வெட்டியும் புதைந்து கிடக்கும் தோட்டத்து மண்ணில் அது ஓயாமல் ஒலிக்கும். நீலக்கல்லும் கோமேதகமும் உலோகமல்ல. அவற்றுக்கு அது ஒலிக்கவே செய்யாது. மண்ணுக்குள் படம் காட்டுவதாகச் சொல்லப்படும் ரேடார் வகைக் கருவியும் காட்டுவது மண்ணின் மாறுபாட்டை மட்டுமே. திரையில் தெரியும் கருமை பாறையாகவும் இருக்கலாம், முள்ளம்பன்றியின் வளையாகவும் இருக்கலாம். அது பொற்குடம் என்று சொல்வது வாடகை வாங்கியவரின் வாய்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. இலங்கை மண்ணில் சில இடங்களில் நுண்ணிய பொற்றுகள்கள் இருந்தாலும், தொழில்முறையில் அகழத்தக்க தங்கப் படிவு இந்நாட்டில் இல்லை. இரத்தினத்துக்குப் புகழ்பெற்ற தீவு இது, தங்கத்துக்கு அன்று.

கருவி என்ற பெயரில் வெறும் பெட்டியை விற்றவர்களும் உலகில் உண்டு. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை அடிப்படையாகக் கொண்டு, வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஜேம்ஸ் மக்கோர்மிக் என்பவர் ஈராக் போன்ற நாடுகளுக்குப் பெருவிலைக்கு விற்றார். சோதனைச் சாவடிகளில் படைவீரர் அதை நம்பி நின்றனர். 2013இல் இலண்டன் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறை விதித்தது. அரசாங்கங்களே ஏமாந்தன என்றால், நள்ளிரவில் காட்டோரத்தில் நிற்கும் தொழிலாளி எதைக்கொண்டு சோதித்துப் பார்ப்பார்?

கருவி தோற்ற இடத்தில் மந்திரவாதி வருகிறார். வெற்றிலையில் மை தடவி அஞ்சனம் பார்ப்பது, பூதம் காவலிருக்கிறது என்பது, சேவலறுத்துக் குருதி சிந்தச் சொல்வது. இதற்கும் அப்பால் நரபலிவரை எண்ணம் சென்ற செய்திகளையும் இந்நாட்டு ஏடுகள் வெளியிட்டிருக்கின்றன. ஞாயிறன்று நற்கருணை வாங்கிய நாவோடு வெள்ளியிரவில் அந்த வட்டத்துக்குள் உட்காரலாமா என்று எவரும் என்னைக் கேட்கத் தேவையில்லை. முதற்கட்டளையை மறைக்கல்வி வகுப்பிலேயே படித்திருக்கிறோம்.

அப்படியாயின் குடும்பமாகப் பொன் தேடுவதே பாவமா? அன்று. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெற்றோரும் பிள்ளைகளுமாக விடுமுறை நாளில் உணவுப்பொதி கட்டிக்கொண்டு, உலோகமறி கருவியோடு பழைய தங்கவயல்களுக்குப் போவது வழக்கம். அதற்கென ஓர் அனுமதிப்பத்திரம் உண்டு, சிறு கட்டணம், 10 ஆண்டுகள் செல்லும். கைக்கருவி மட்டுமே பயன்படுத்தலாம். தனியார் நிலமென்றால் உரியவரின் இசைவு வேண்டும். தோண்டிய குழியை மூடிவிட வேண்டும். அங்கே மண்ணில் உண்மையாகவே தங்கம் இருக்கிறது. 1980இல் கிங்கோவர் என்ற சிற்றூரில் கெவின் ஹிலியர் என்பவர் அத்தகைய கருவியால் 27 கிலோவுக்கு மேற்பட்ட தங்கக் கட்டியைக் கண்டெடுத்தார். நம்பிக்கையின் கரம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். மெல்பேணில் உள்ள உங்கள் உறவினர் பிள்ளைகளோடு அப்படிப் போவதாகச் சொன்னால் நான் மகிழ்வேன். பகல் வெளிச்சத்தில், உரிமையோடு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சிரித்துக்கொண்டு திரும்பலாம்.

முறைப்படி கிடைத்தாலும் பொன் மனிதரை அலைக்கழிக்கும் என்பதற்கும் சான்றுண்டு. 2009இல் இங்கிலாந்தின் ஸ்டஃபர்ட்ஷயரில், வேலையற்றிருந்த டெரி ஹேர்பேர்ட் என்பவர் பிரெட் ஜோன்சன் என்ற விவசாயியின் வயலில், அவர் அனுமதியோடு தேடிப் பெரும் பொற்புதையலைக் கண்டார். சட்டப்படி 32 இலட்சத்து 85 ஆயிரம் ஸ்டேர்லிங் பவுண் கண்டவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் சரிபாதியாக வழங்கப்பட்டது. பின்னர் இருவருக்குமிடையே மனக்கசப்பு மூண்டதை அந்நாட்டு ஏடுகள் எழுதின. சரிபாதியே பிரிவினையாயிற்று என்றால், நாலைந்து குடும்பங்கள் பங்குபோட்டு ஸ்கேனர் எடுத்தால் என்னவாகும்?

நம் மாகாணத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012 பெப்ரவரியில் மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமத்தை அடுத்த தம்மென்னாவையில், வீதி அமைப்பதற்காகக் கொட்டிய மண்ணில் நீலக்கற்கள் மின்னின. செய்தி பரவியதும் ஊரே திரண்டது. ஆணும் பெண்ணும் சிறுவருமாக, கையாலும் மண்வெட்டியாலும் வீதியையே கிளறினர். அதிகாரசபை விரைந்து தலையிட்டது. மண் எடுக்கப்பட்ட நிலத்துக்குக் காவல் போட்டார்கள். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏலத்தில் விட்டார்கள். ஏலத்தில் கைதூக்கியவர்கள் யாரென்று சொல்லவேண்டியதில்லை. முதல்நாள் முழங்காலிட்டு மண் அளைந்தவர்களிடம் அதற்கான பணம் இருக்கவில்லை.

கடலுக்கு அப்பாலும் ஒரு கதை உண்டு. அது உங்கள் உறவினருடைய ஊரின் கதை. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் மலையகத்தை விட்டுக் கப்பலேறியவர்களில் பல குடும்பங்கள் நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. அங்கே தேவாலா என்றோர் ஊர். 1879 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள், அப்பகுதியில் தங்கம் எடுப்பதற்கென்று இலண்டனில் 41 கம்பனிகள் ஏறத்தாழ 50 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண் மூலதனத்தோடு தொடங்கப்பட்டன. விக்டோரியாவிலிருந்து வந்த புரோ ஸ்மித் என்ற நிபுணரின் அறிக்கை ஆசையைக் கிளறியது. கோப்பி நோயுற்று நலிந்த காலம்; துரைமாருக்கு வேறு போக்கு வேண்டியிருந்தது. பந்தலூர்க் காட்டுக்குள் விடுதியும் குதிரைப் பந்தயத் திடலும் எழுந்தன. பாறையை உடைத்து அரைத்துப் பார்த்தபோது, மதிப்பிட்டதில் சிறு பங்கே தேறியது. சில ஆண்டுகளில் எல்லாம் ஓய்ந்தது. இயந்திரங்கள் துருப்பிடித்தன, சுரங்கங்கள் திறந்தபடி கிடந்தன. நூறாண்டு கழித்தும் அச்சுரங்கங்களுக்குள் மெழுகுவர்த்தியோடு ஏழைகள் இறங்கிக் கள்ளத்தனமாகக் கல் உடைத்துப் பாதரசத்தால் பொன் பிரித்தார்கள். அவற்றுள் மூச்சுத்திணறியும் மண் சரிந்தும் உயிர்கள் போயிருக்கின்றன. இலாபத்தைக் கனவு கண்டவர்கள் இலண்டனில் இருந்தார்கள். குழியில் செத்தவர்கள் வேறு ஆட்கள்.

மண் சரிவதைப் பற்றி ஊவா மக்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது! 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. மீட்கப்படாதவர்கள் இன்றும் அங்கேயே துயில்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். சரிவான மலையில் இரகசியமாகத் தோண்டிய குழியை எவரும் சரிவர மூடிவிட்டு வருவதில்லை. விடியுமுன் ஓடிவிடத்தான் பார்ப்பார்கள். அதில் மழைநீர் இறங்கும். ஊறிய மண் கனத்துத் தளரும். கீழே இருப்பது யாருடைய லயம்? மீரியபெத்தையில் மண்ணை விலக்கித் தேடியவர்கள் தாயைத் தேடினார்கள், பிள்ளையைத் தேடினார்கள். அவர்களுடைய தாலியும் தோடும் அங்கேதான் கிடக்கின்றன. எவருக்கும் அது புதையலன்று.

டோர்ச் பிடிக்கப்போகும் மகனிடம் திரும்புவோம். எனக்கு மிகவும் கவலை தருவது அவன்தான். தகப்பன் அவனிடம் கட்டாயம் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்: பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லாதே. சட்டத்துக்கும் நிலத்தின் காவலருக்கும் அஞ்சி, தாயும் தகப்பனும் குரல் தாழ்த்திப் பேசுவதை அவன் அன்றிரவு முழுதும் கேட்பான். வெளிச்சம் தெரிந்தால் விளக்கை அணைக்கக் கற்பான். பிடிபட்டால் அவன் பெயரும் முறைப்பாட்டில் ஏறும். பிடிபடாவிட்டாலும், உழைப்பு முட்டாளுடைய வழி, இரவில் கிடைப்பதே வாழ்வு என்ற பாடத்தைப் பெற்றோரே அவனுக்கு நடத்தியிருப்பார்கள். மறுநாள் பிரட்டுக்குப் போகும் தாயை அவன் எந்தக் கண்ணால் பார்ப்பான்?

இங்கே ஒருவர் எதிர்வாதம் செய்யலாம்: உவமையில் வரும் மனிதரும் கண்டதை மூடித்தானே வைத்தார்? நியாயமான வினா. விவிலிய அறிஞர் இதைப் பலவாறு ஆய்ந்துள்ளனர். ஆண்டவர் அவருடைய மறைப்பைப் புகழவில்லை என்பதே என் கருத்து. முறைகேடான கண்காணிப்பாளரின் உவமையிலும் அவர் மோசடியைப் புகழவில்லை. ஆனால் கவனியுங்கள்: அம்மனிதர் இருளில் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. தம் உடைமையை வெளிப்படையாக விற்றார். நிலத்தை விலைகொடுத்து வாங்கினார். புதையலைத் தேடிப் போனவராகவும் அவர் தோன்றவில்லை. அடுத்த உவமையின் வணிகர் முத்தைத் தேடினார் என்று நற்செய்தி கூறுகிறது. இவரைப் பற்றி அப்படிக் கூறவில்லை. கூலிக்கு ஏர் உழுதவராக இருக்கலாம் என்று உரையாசிரியர் பலர் கருதுகின்றனர். அவருக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. அச்சத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

பசறைக் குடும்பத்தலைவரிடம் நான் ஒன்று கேட்டேன்: இந்த எண்ணம் வந்தது எதனால்? சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார். மனைவியின் தோடும் சங்கிலியும் அடகில் இருக்கின்றன. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசுகிறார்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளம் நிலவிய 2025இலேயே 24 கரட் தங்கம் பவுண் ஒன்று 3 இலட்சம் ரூபாவைத் தாண்டியது. கணக்குப் பார்த்தால், ஒரு பவுணுக்கு 220 நாளுக்கு மேற்பட்ட கொழுந்து. மாதம் 20 நாள் வேலை கிடைத்தாலும் 11 மாதம் உண்ணாமல் உடுக்காமல் உழைக்க வேண்டும். புதையலுக்கு ஆசைப்பட்டவரைப் பேராசைக்காரர் என்று எளிதில் பழித்துவிடுகிறோம். இந்தக் கணக்கு தெரிந்த எனக்கு அப்படிப் பழிக்க மனம் வரவில்லை. ஆனால் ஸ்கேனர்காரருக்குக் கொடுக்க ஒதுக்கிய பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மீதமிருந்த ஒரு மோதிரத்தையும் அடகு வைக்க நினைத்திருந்தார். மண்ணுக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் பொன்னுக்காக, கையிலிருக்கும் பொன்னும் போகவிருந்தது.

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறார். அவரிடமிருந்தது பத்தே வெள்ளிக்காசு. ஒரு திராக்மா என்பது ஏறத்தாழ ஒரு கூலியாளின் நாட்சம்பளம். ஒன்று தொலைந்தது. அவர் மைபோட்டுப் பார்க்கவில்லை. அயலாரின் நிலத்துக்குப் போகவில்லை. விளக்கேற்றித் தம் வீட்டையே கூட்டினார், கண்டுபிடிக்கும்வரை விடவில்லை. கண்டதும் அண்டை வீட்டுப் பெண்களையெல்லாம் அழைத்துச் சொன்னார். மூடிவைத்த ஆணின் உவமையும், அழைத்துச் சொன்ன பெண்ணின் உவமையும் வெவ்வேறு நற்செய்திகளில் இருப்பதால் நாம் அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

இந்த ஞாயிறு மாலை, செபமாலை முடிந்தபின், குடும்பமாக ஒரு தேடலை நடத்துங்கள். பெட்டியின் அடியில், சாமிப்படத்துக்குப் பின்னால், சீனி டின்னுக்குள் இருக்கும் அடகுச் சீட்டுக்களையெல்லாம் எடுத்து மேசையில் வையுங்கள். பிள்ளைகளும் இருக்கட்டும், இதில் இரகசியம் வேண்டாம். ஒவ்வொன்றிலும் பெற்ற தொகை, வட்டிவீதம், மீட்க வேண்டிய இறுதித் திகதி ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்த பிள்ளையே உரக்க வாசித்து ஒரு கொப்பியில் எழுதட்டும். திகதி நெருங்கியதை முதலில் வையுங்கள். முழுத்தொகை இல்லாவிட்டாலும் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று அடகுபிடித்தவரிடம் கேளுங்கள். தனியாரிடம் வட்டி மிகுதியாயின், மக்கள் வங்கியிலும் இலங்கை வங்கியிலும் நகை அடகு உண்டு. அவற்றின் வட்டியை விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்கேனருக்கென்று ஒதுக்கிய பணம் எவரிடமாவது இருந்தால், அது எந்தச் சீட்டுக்குப் போக வேண்டும் என்று மனைவியைக் கேளுங்கள்.

தோட்டத்தில் கான் வெட்டும்போதோ வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதோ பழம்பொருள் ஏதேனும் தானாகத் தென்பட்டால், வேலையை நிறுத்தி, கிராம உத்தியோகத்தருக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ அன்றைக்கே அறிவியுங்கள். போகும்போது டோர்ச் பிடிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.